பூண்டு ராஜாவைக் காணவில்லை

காலை 10.10. கொடைக்கானலில் ஒரு பள்ளி நூலகம். நாற்பது பள்ளி நூலகர்கள் கூடியிருந்த பயிற்சி முகாமில் ஒரு புத்தகம் திருட்டுப் போயிருந்தது.

"ஐயோ, என் பூண்டு ராஜா!"

தேவசேனா போட்ட சத்தத்தில், அதுவரை கண்திறந்து தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள். அவர் அடுக்கம் என்ற மலைக்கிராமத்துத் தமிழாசிரியை. நூலகம் கூடுதல் பொறுப்பு. நூலகம் என்றால் ஓர் அலமாரி. காணாமல்போனது அவருடைய பள்ளிப் பிள்ளைகள் கையால் எழுதித் தைத்த 'பூண்டு ராஜா' புத்தகத்தின் ஒரே பிரதி. 11.30-க்குக் கையெழுத்துப் புத்தகப் போட்டி. வெல்லும் பள்ளிக்கு ஆயிரம் புத்தகங்கள்.

பழனி நூலகர் சுசித்ரா துள்ளி எழுந்தாள். பக்கம் கிழித்த பிள்ளைகளைப் பதினேழு வருடமாகப் பிடித்ததுதான் அவளுடைய துப்பறியும் அனுபவம். அதிலும் பாதி தடவை வேறு பிள்ளையைப் பிடித்திருக்கிறாள்.

"கடைசியா எப்பங்க பாத்தீங்க?"

"ஒம்பதரைக்கு. மேசையில வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். நேத்து எல்லாருக்கும் அட்டைய மட்டுந்தான் காட்டுனேன். கிரீடம் வச்ச பூண்டுப் படம். உள்ள என்னன்னு மூச்சு விடல."

டீ நேரத்தில் அறையில் இருந்தவர்கள் மூவர்.

முகாம் அமைப்பாளர் சேனாதிபதி சிடுசிடுத்தார். "மைக் சரிபண்ணுற சோலி எனக்கு. ஒரு ராஜா கதைக்குப் போயி என்னைய விசாரிக்கிறீங்களாம்மா?"

ஒட்டன்சத்திரம் சிவமுருகன் சிரித்தார். "போனுக்குச் சார்ஜ் போட்டேங்க. சின்னப்புள்ளக் கதைய வச்சு நான் என்ன செய்ய?"

அடிவாரப் பள்ளி நூலகர் பாண்டிச்செல்வி கண் கலங்கினார். "பாவங்க அந்தப் புள்ளைங்க. மழையில நின்னு அளந்து அளந்து எழுதுனது."

10.50. பைகளில் இல்லை. பள்ளி வாசலைத் தாண்டி யாரும் போகவில்லை. நாற்பது பேரும் கதை வரிசைகளைக் கலைத்துப் போட்டார்கள். அங்கும் இல்லை.

11.12. சுசித்ரா தேவசேனாவை ஓரமாக இழுத்தாள். "வெரசா சொல்லுங்க. உள்ள என்ன கதை?"

"கதையே இல்லங்க. பூண்டு எப்ப நடணும், வாரத்துக்கு எவ்வளவு வளருது, அழுகல் வந்தா என்ன செய்யணும்... மேடையில தொறந்து அசத்தலாம்னு இருந்தேன்."

சுசித்ரா வேளாண்மை வரிசைக்கு ஓடினாள். வழியில் முக்காலி தடுக்கி விழுந்தாள். துப்பறிகிறவர்கள் விழக்கூடாது என்று சட்டமா என்ன? எழுந்து பார்த்தால், தக்காளி சாகுபடிக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே கிரீடத்தோடு நின்றிருந்தது பூண்டு!

11.20. சுசித்ரா மூவரையும் வேளாண்மை வரிசை முன்னால் நிறுத்தினாள்.

"அட்டையப் பாத்தவங்க கதை வரிசையிலதான் சொருகியிருப்பாங்க. உள்ள படிச்சவங்கதான் இங்க வைக்க முடியும். சார் ரெண்டு பேரும் கதைன்னீங்க. அளந்து எழுதுனதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும், பாண்டிச்செல்வியக்கா?"

பாண்டிச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க நூலக அறைய ஸ்டோர் ரூம் ஆக்கப்போறாங்க. நாங்க செயிச்சா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். அடுப்புல போடத்தான் எடுத்தேன். ரெண்டு பக்கம் படிச்சதும் மனசு வரல."

"ஒளிச்சு வைக்கையில கூட தப்பான வரிசையில வைக்க வரலையாக்கா?"

"இருவது வருசமா புத்தகத்தப் பொருள்வாரியாப் பிரிச்சு நம்பர் போட்ட கை. அது பாட்டுக்கு வச்சிருச்சு."

12.40. பரிசு அடுக்கத்துக்கு. கைதட்டல் அடங்கும் முன்பே தேவசேனா பாண்டிச்செல்வியின் எதிரில் வந்து நின்றார்.

"ஆயிரம் புத்தகத்துக்கும் நம்பர் போட எனக்குத் தெரியாதுக்கா. நீங்கதான் வந்து போடணும். தண்டனைன்னு வச்சுக்கங்க."

பாண்டிச்செல்வி மூக்கை உறிஞ்சினார். "அலமாரி எத்தன இருக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணா? ஆயிரத்தையும் எங்கடி அடுக்குவே, உன் தலையிலயா? வா. மொதல்ல தச்சரப் பாப்போம்."