சுவர்ச் சான்று

காலையில் எழுந்ததும் சிபிச்சக்கரவர்த்தி செய்கிற முதல் வேலை, புறக்கடைக்குப் போய்த் தன் நான்கு கோழிகளின் கால்களைக் குனிந்து பார்ப்பதுதான். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நலவளையம் இருக்கும். அது பச்சையாக மினுங்கினால் கோழிக்குச் சுகம். மஞ்சளுக்கு மாறினால் வார்டு பறவை ஆய்வாளருக்குத் தகவல் தானாகப் போய்விடும். சிவப்பை அந்தத் தெருவில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதில் அவருக்கு ஏதோ தன் கைராசி போல ஒரு பெருமை.

பறவைக் காய்ச்சல் மூன்றாம் முறையாக மனிதருக்குத் தாவியபோது நாமக்கல்லைச் சுற்றியிருந்த பெரிய பண்ணைகள் அத்தனைக்கும் பூட்டுப் போட்டாயிற்று. கொட்டகைகளின் கூரையில் இப்போது சூரியத் தகடுகள். முட்டை வேண்டுமென்றால் அவரவர் வீட்டில் வளர்த்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்கு நான்கு பெட்டை, அதுவும் அரசுப் பொரிப்பகம் தருகிற குஞ்சு மட்டும். ஒரு வீட்டு முட்டை இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. சேவல் அறவே கூடாது. சேவல் இருந்தால் கள்ளக் குஞ்சு பொரியும், கள்ளக் குஞ்சுக்கு வளையம் இருக்காது, நோய் அங்கிருந்துதான் கிளம்பும். இதற்காகவே தெருமுனையில் ஒரு செவித்தூண் நட்டிருந்தார்கள். சேவல் குரல் எங்கே கேட்டாலும் அது பிடித்துவிடும்.

தெருக் கோழிக் குழுவுக்குச் சிபிதான் தலைவர். அவருடைய தாத்தா லட்சம் கோழி வளர்த்தவர் என்பதால் அந்தப் பதவி கேட்காமலே வந்தது. அந்த லட்சமும் முட்டைக் கோழிகள், ஒரு சேவல்கூட அந்தப் பண்ணையில் கால் வைத்ததில்லை என்பதை அவரும் நினைத்துப் பார்க்கவில்லை, தலைவராக்கியவர்களும் நினைத்துப் பார்க்கவில்லை. கோழி என்று யார் வாயெடுத்தாலும் முதல் கருத்து அவருடையதாக இருக்கும்.

அப்படிப்பட்ட தலைவரின் வீட்டு வாசலுக்கே போன வாரம் ஆய்வாளர் ஹரிணி வந்து நின்றாள். கையில் செவித்தூணின் பதிவு இருந்தது.

“சார், சேவல் சத்தம் பதிவாயிருக்குது. உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவருகிட்ட. ரெண்டு கூண்டும் ஒரே சுவத்துல சாஞ்சிருக்கறதால எந்தப் பக்கம்னு மெசினால சொல்ல முடியல. நீங்க கேட்டீங்களா?”

இயந்திரம் ஐயப்படும் இடத்தில் மனிதன் சொல்வதுதான் சான்று. அதற்குப் பெயர் சுவர்ச் சான்று. சுவரைப் பகிரும் இரு வீட்டாரையும் தனித்தனியே கேட்பார்கள்.

சிபி எதையும் கேட்டிருக்கவில்லை. முன்னறையில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர் அவர். ஆனால் ஒரு கோழிக் குழுத் தலைவர், லட்சம் கோழி வளர்த்த வீட்டுப் பேரன், தன் சுவரோரம் சேவல் கூவியது காதில் விழவில்லை என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

“கேக்காம என்னங்க? அந்தப் பக்கமிருந்துதான். சங்கவி ஊட்டுல ஒரு செவலைக் கோழி நிக்குது பாருங்க, கொண்டையப் பாத்தாலே தெரியும். வளையத்த மாத்திக் கட்டியிருப்பாங்க. எங்களுக்குத் தெரியாத சேவலுங்களா?”

சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மையாகிவிட்டது. அன்று மதியமே வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். ஐயம் வந்தால் முதலில் அகற்று, பிறகு சோதனை செய் என்பது விதி. சங்கவியின் நான்கு கோழிகளையும் மூடிய பெட்டியில் எடுத்துப்போனார்கள். சங்கவி அழவுமில்லை, மண்ணை வாரித் தூற்றவுமில்லை. வெறும் கூண்டைக் கழுவி, சுவரை விட்டுத் தள்ளிக் கவிழ்த்து வைத்தாள். சோதனை முடிவு இரண்டு நாளில் வந்தது. நான்கும் பெட்டை. ஆனால் அகற்றிய கோழி திரும்பி வராது. உரிமமும் முடங்கியது முடங்கியதுதான். உரிமம் திரும்பினாலும், புதுக் குஞ்சு வாங்கி அது முட்டைக்கு வர ஆறேழு மாதம் ஆகும்.

சங்கவியின் கணவர் தீபனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தினமும் முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்டாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் அந்த வீட்டுக்குக் கோழியே வந்தது. சிபிக்கு இது தெரியாததல்ல. சோதனை முடிவைப் பார்த்ததிலிருந்து ஒரே கேள்விதான் அவரைச் சுற்றியது. அப்படியானால் கூவியது எது?

மறுநாள் விடிகிற நேரத்தில் புறக்கடைப் படியில் போய் உட்கார்ந்தார். மனைவி தாரணியும் பின்னாலேயே வந்து நின்றாள். அவருடைய கோழிகளில் மூத்தது, மகாராணி என்று அவர் செல்லம் கொஞ்சுகிற கறுப்புப் பெட்டை, கூண்டுக்குள் கவிழ்த்திருந்த பஞ்சாரக் கூடையின் மேல் ஏறியது. இறக்கையை இரண்டு முறை அடித்தது. கழுத்தை நீட்டி, செவித்தூண் வரை எட்டாத சளி பிடித்த சன்னக் குரலில், கூவியது.

“பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமான்னு கட்டிக்கிட்ட நாள்லருந்து என்னைய வாயடைப்பீங்களே,” என்றாள் தாரணி. “இந்தா, விடிஞ்சிருச்சு.”

வீட்டுக் கணினியைக் கேட்டபோது அது ஆச்சரியமே இல்லாமல் பதில் சொன்னது. சேவல் இல்லாத கூட்டத்தில் மூத்த பெட்டை சில சமயம் சேவலின் இடத்தை எடுத்துக்கொள்ளும், கூவவும் செய்யும். ஒரு தலைமுறையாகச் சேவலையே பார்க்காத ஊரில் இது யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. லட்சம் கோழி வளர்த்த வீட்டுக்கும் தெரியவில்லை.

“ஆய்வாளருக்குச் சொல்லீருங்க,” என்றாள் தாரணி.

“சொன்னா நம்ம கோழியும் போயிரும்.”

“அவங்களுது போகலையா?”

சிபி படியை விட்டு எழுந்தார். உள்ளே போய் ஒரு தடித்த கம்பளியை எடுத்துவந்து கூண்டின் மேல் போர்த்தினார். வெளிச்சம் படாவிட்டால் கூவாது என்று கணினி சொல்லியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. அவமானத்தில் காது மடல் சுட்டது. ஆனாலும் கம்பளியின் நான்கு முனையிலும் கல்லை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

நிமிர்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் சங்கவி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தகர டப்பா.

“ஏனுங்கண்ணா, கோழித் தீவனம் கொஞ்சம் மிச்சமிருக்குதுங்க. எங்க ஊட்டுல இனி இதத் திங்க ஆளில்ல. உங்க கோழிக்குப் போடுங்க.”

“தீபன் எப்படியிருக்காப்ல அம்மிணி?” என்று கேட்கும்போது அவர் பார்வை டப்பாவை விட்டு மேலே ஏறவில்லை.

“இருக்காருங்க. நோயாளிக்குன்னு ரேசன்ல வாரத்துக்குக் குடுக்கற ரெண்டு முட்டைய வெச்சு ஓட்டறோம்.” அவள் டப்பாவைச் சுவர்மேல் வைத்தாள். “அந்தக் கம்பளிய எடுத்துருங்கண்ணா. அடிக்கற வெக்கைக்கு உள்ளயே செத்துருமுங்க.”

சிபி ஒரு கல்லை இன்னும் அழுத்தி வைத்தார்.

“மூணு வாரமா கூவுதுங்க,” என்றாள் அவள், மழை வரும்போல என்று சொல்கிற குரலில். “அவரு கட்டிலு இந்தச் சுவத்தோரந்தானுங்களே. தூக்கமில்லாம கெடக்கறவருக்கு அதான் பேச்சுத் தொணை.”

“அப்ப... ஹரிணி கேட்டப்ப நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் கேக்கலைன்னு சொன்னேனுங்க. ரெண்டு ஊட்டுலயும் கேக்கலைன்னா செவித்தூணு தப்புன்னு எழுதி மூடீருவாங்களாம். நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

அவள் குரலில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால் அவரால் தாங்க முடிந்திருக்கும். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அந்த நடுச்சுவரின் இருபுறமும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். கூவலைக் கேட்டவள் கேட்கவில்லை என்றாள், கேட்காதவர் கேட்டேன் என்றார்.

அவர் குனிந்து கற்களைத் தள்ளிக் கம்பளியை உருவினார். வெயில் பட்டதும் மகாராணி உடலைச் சிலிர்த்துக்கொண்டு பஞ்சாரத்தின் மேல் தாவியது. இறக்கையை அடித்தது. சங்கவி சட்டென்று தெருமுனைச் செவித்தூண் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தகர டப்பாவின் மூடியைக் கழற்றி, எதையோ உதறுகிறவள் போல, சுவரில் படபடவென்று தட்டத் தொடங்கினாள். கோழியின் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

தனக்காகத் தட்டுகிறாள் என்பது சிபிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. கை நீட்டி, சுவருக்கு மேலாக அந்த மூடியைப் பிடித்துக்கொண்டார்.

“தட்டாத அம்மிணி. கூவட்டும்.”

மகாராணி மறுபடியும் கழுத்தை நீட்டியது. அந்தச் சுவரில் இப்போது ஒரே ஒரு கூண்டுதான் சாய்ந்திருந்தது. செவித்தூணுக்கு இனி ஐயம் எதுவும் வராது.