முற்றும் இல்லாத புத்தகம்

கமலாவதி அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. ஆனால் அதை நம்புவதற்கு வாசிகசாலையில் ஒருவரும் இல்லை.

வாயை மூடிக்கொண்டு புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தால் ஒரு சோலியும் இல்லை. அவள் நேரே பொறுப்பாளர் தில்லைநாதன் மாஸ்ரரிடம் போனாள்.

"மாஸ்ரர், இதிலை கடைசித் தாளைக் காணேல்லை. 'முற்றும்' எண்டும் போடேல்லை."

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வை கமலாவதிக்குப் பிடிக்கவில்லை.

"கடைசியாக் கொண்டுபோனது ஆர்?"

"நான்தான்."

"வீட்டிலை தம்பி இருக்கிறானெல்லே?"

"அவனுக்கு இன்னும் பல்லே முளைக்கேல்லை, மாஸ்ரர்."

"பல்லில்லாட்டிலும் கை இருக்குமே" என்றார் அவர். "ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னம் தாள் வரவேணும். இல்லாட்டி இனிச் சின்னப் பிள்ளையளுக்கு வீட்டுக்குப் புத்தகம் குடுக்கிறேல்லை."

அன்று வியாழக்கிழமை. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு இது. அவளோடு சேர்த்து வல்வெட்டித்துறையில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லவா தண்டனை!

அந்தப் புத்தகத்தின் பெயர் 'வால்வெள்ளிக்குப் போன கப்பல்'. எழுபது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் எழுதியதன் தமிழாக்கம். போன வருஷம் மனிதன் சந்திரனில் இறங்கியதும் அதற்கு ஒரு மவுசு வந்தது. பெரியவர்களே முறைவைத்துக் கொண்டுபோனார்கள்.

அந்த வாசிகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் மேசையில் கட்டித் தொங்கும் கொப்பியில் தன் அபிப்பிராயத்தை எழுதவேண்டும். கமலாவதி கொப்பியைப் புரட்டினாள். அவளுக்கு முன் கடைசியாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

முதலில் தையல் படிப்பிக்கும் தங்கமுத்து ரீச்சர்: 'அருமை. எல்லாரும் ஊர் திரும்பிய இடத்தில் அழுதுவிட்டேன்.'

அடுத்தது பாய்க்கப்பல் ஓட்டும் சீவரத்தினம் தண்டல்: 'வாசிக்கலாம்.'

மூன்றாவது தையற்கடை அடைக்கலநாதன்: 'நேரம் வீண். கப்டன் கோழை. கப்பலும் ஆட்களும் கடலோடு போய்ச் சேர்ந்தார்கள்.'

இந்த ரீச்சரும் தையற்காரரும் ஒரு வாரமாக வாசிகசாலை வாசலில் முட்டிமோதிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். "நீர் புத்தகத்தை முழுக்க வாசிக்கேல்லை" என்று ரீச்சர் சொல்வார். "நீங்கள்தான் நித்திரையிலை வாசிச்சனீங்கள்" என்று அவர் சொல்வார். ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம்.

கமலாவதிக்கோ மூன்று பேர்மேலும் சந்தேகம். அதிலும் தையற்காரர்மேல் கூடுதல். அவரிடம்தானே கத்தரிக்கோல் இருக்கிறது!

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தையற்கடைக்குப் போனாள். சுவரில் காகித வெட்டுகள் தொங்கின. ஒவ்வொன்றையும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, களவு குடுத்த ஆள் மாதிரி என்ரை சுவரைப் பாக்கிறாய்?" என்று கேட்டார் அடைக்கலநாதன்.

"சும்மா, மாமா. வால்வெள்ளிக் கதை எப்பிடி முடியுது?"

"அதை ஏன் கேக்கிறாய்! கப்பல் வந்து சமுத்திரத்திலை விழுது. மிசின் எல்லாம் செத்துப்போச்சு. நாலு பக்கமும் தண்ணி. கப்டன் வானத்தைப் பாத்துக் கையைத் தூக்குறான். அவ்வளவுதான். கடவுளே எண்டு கைவிட்டிட்டான், கோழைப்பயல்!"

கமலாவதி திடுக்கிட்டாள். அவள் வாசித்த புத்தகமும் சரியாக அந்த இடத்தில்தான் நின்றது.

வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தாள். தையற்காரர் கடைசித் தாளைக் கண்டதே இல்லை. ரீச்சர் கண்டிருக்கிறார். அப்படியென்றால் தாள் இருவருக்கும் நடுவில் போயிருக்கிறது. நடுவில் இருந்தது ஒரே ஒருவர்தான்.

கதைக்கத் தொடங்கினால் அரைமணித்தியாலம் நிறுத்தாத சீவரத்தினம் தண்டல், கொப்பியில் மட்டும் ஏன் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினார்?

சனிக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போனாள். தண்டல் மணலில் இருந்து பாய் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய கத்தி கிடந்தது. 'தாளைக் கிழிச்சனீங்களோ?' என்று கேட்டால் மனிசன் விரட்டிக் கலைத்துவிடுவார். வேறு விதமாகத் தொடங்கினாள்.

"மாமா, வால்வெள்ளிக் கப்டன் ஒரு கோழையாம். ஏலாமல் கையைத் தூக்கிப்போட்டானாம். தையற்கடை மாமா சொல்லுறார்."

தண்டலின் ஊசி நின்றது.

"ஆர் கோழை? உவனுக்கு ஊசியிலை நூல் கோக்கத்தான் தெரியும்! அந்தக் கப்டன் கை தூக்கினது துருவ நட்சத்திரத்தை அளக்க, தெரியுமே? கையை நீட்டி, விரலாலை அளந்து, அந்தக் கணக்கிலை கப்பலை ஊருக்குக் கொண்டுவந்தவன்!"

"ஓம், மாமா" என்றாள் கமலாவதி மெல்ல. "ஆனால் அது கிழிஞ்சுபோன தாளிலை எல்லோ இருக்கு?"

தண்டல் அவளைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கரையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதையும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, அந்த விரல்கணக்கு எங்கடை வீட்டுக் கணக்கு. அப்பு எனக்குச் சொல்லித் தந்தது. மகனுக்கு மட்டுந்தான் சொல்லவேணும், மருமகனுக்கும் சொல்லப்படாது. அது எப்பிடி ஒரு வெள்ளைக்காரன்ரை புத்தகத்துக்குள்ளை போச்சு? ஊருக்குள்ளை ஆரோ துரோகி இருக்கிறான். இன்னும் நாலு பேர் வாசிச்சுப் பழகமுன்னம் அந்தத் தாளை வெட்டி எடுத்துப்போட்டன்."

கமலாவதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் முகத்தில் இருந்தது உண்மையான கவலை.

"மாமா, அந்தப் புத்தகம் எழுதி எழுபது வருஷம். அப்ப உங்கடை அப்புவுக்கு என்ன வயசு?"

தண்டல் விரல் மடித்துப் பார்த்தார். "நாலோ, அஞ்சோ."

"அப்ப ஆர் போய் அந்த வெள்ளைக்காரருக்குச் சொல்லியிருப்பினம்?"

தண்டல் பாயை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"துருவ நட்சத்திரம் எல்லாருக்கும் தெரியிறது தானே? அங்கையும் ஆரோ ஒரு கடலோடி கையை நீட்டிப் பாத்திருப்பார்" என்றாள் அவள். "வால்வெள்ளிக்குப் போன மிசினெல்லாம் கைவிட்டாப் பிறகு, உங்கடை கணக்குத்தான் அவையை வீட்டை கொண்டுவந்து சேத்தது. நீங்கள் தாளை ஒளிச்சதாலை அது ஒருத்தருக்கும் தெரியேல்லை. கப்டன் கோழையாப் போனார். நான் கள்ளியாப் போனன்."

"நீ ஏன் கள்ளி?"

மாஸ்ரர் சொன்னதை அவள் சொன்னாள். தண்டலின் முகம் வாடிப்போனது.

"இது எனக்குத் தெரியாது, பிள்ளை. சத்தியமாத் தெரியாது. நீ வீட்டை போ. நாளைக்கு நான் வாறன்."

வருவாரா? இரவு முழுக்க அந்தச் சந்தேகம் அவளைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை நிரம்பியிருந்தது. மாஸ்ரர் தொண்டையைக் கனைத்து, "சின்னப் பிள்ளையளின்ரை விஷயம்..." என்று தொடங்கினார். அப்போதுதான் வாசலில் தண்டல் வந்து நின்றார். தோய்த்து உலர்த்திய வேட்டி. கையில் நாலாக மடித்த தாள்.

"இதை வெட்டினது நான்" என்றார். "அந்தப் பிள்ளையிலை பிழை இல்லை."

மாஸ்ரர் தாளை வாங்கக் கை நீட்டினார். ரீச்சரும் தையற்காரரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். தண்டல் மூவரையும் தாண்டிப்போய்த் தாளைக் கமலாவதியிடம் கொடுத்தார்.

"நீ இன்னும் வாசிக்கேல்லை எல்லே? உரத்து வாசி."

அவள் எழுந்து நின்று வாசித்தாள். விரல் அளந்த இடம் வந்ததும் தண்டல் கையை நீட்டிக் கூரையைக் குறிவைத்துக் காட்டினார். ரீச்சர் மறுபடியும் கண்ணைத் துடைத்தார். அவள் 'முற்றும்' என்று முடித்ததும் மாஸ்ரர் சொன்னார்: "பிள்ளை, நான் உன்னைச் சந்தேகப்பட்டிருக்கப்படாது."

அடைக்கலநாதன் தலையைச் சொறிந்தார். "சரி, கோழை இல்லை. ஆனால் முகில் மூடினா என்ன செய்வான்?"

"முகில் மூடினா?" என்று தண்டல் எழுந்தார். "சொல்லுறன் கேள்!"

அரைமணித்தியாலத்துக்கு இனி ஓயாது என்று எல்லோருக்கும் தெரியும். கமலாவதி அலுமாரியில் இருந்து தடித்த புத்தகமாக ஒன்றை எடுத்தாள். மாஸ்ரர் அதை அவள் பெயரில் தானே பதிந்து கொடுத்தார். சண்டைச் சத்தம் தெருமுனைவரை கேட்க, அவள் முதற் பக்கத்தை வாசித்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.