வேலை கொடுக்காத கத்திகள்

விஜயதசமிக்கு மறுநாள் காலையில், சாமி படத்துக்கு முன்னால் தட்டில் இருந்த பூவன் பழத்தை உரித்துத் தின்னலாம் என்று சூர்யபிரகாஷ் எடுத்தான். காம்பு மட்டும்தான் கையோடு வந்தது. மிச்சப் பழம் தோலோடு வட்ட வட்டமாகத் தட்டில் சரிந்தது. எல்லாத் துண்டும் ஒரே கனம். அவன் தொடும் வரைக்கும் அது முழுப் பழமாகத்தான் இருந்தது, தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"பூர்ணிமா, பழத்த வெட்டியா வச்ச?"

"சாமிக்கு வச்சத யாராவது வெட்டுவாங்களா? உங்களுக்குக் காபி குடிக்காம கண்ணு தெரியல," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ஒரு துண்டை எடுத்து முகர்ந்தான். பழ வாசனைக்கு மேலே லேசாகக் கிராம்பு வாசனை அடித்தது.

அந்த வாசனைக்கு அந்த வீட்டில் ஒரே இடம்தான் உண்டு. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பாடுபட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் நகையும் டிவியும் கொண்டு வருவார்கள். சூர்யபிரகாஷ் கத்திகள் கொண்டு வந்தான். ஜப்பானில் கையால் அடித்த ஏழு கத்திகள், உடம்பெல்லாம் தண்ணீர் ஓடுவது மாதிரி வரி வரியாக இரும்பு. இப்போது திருவிடைமருதூருக்கு வெளியே, வயலை ஒட்டிக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறான். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கும் அந்த வீட்டின் ஹாலில் கண்ணாடி அலமாரி வைத்து, துரு ஏறாமல் இருக்கக் கிராம்பு எண்ணெய் தடவி, அந்த ஏழு கத்திகளையும் குழந்தைகள் மாதிரி பார்த்துக்கொண்டான். ஒன்றைக்கூட ஒரு நாளும் எதன் மேலும் வைத்ததில்லை.

ஆயுத பூஜையன்று பூர்ணிமாதான் பிடிவாதமாக அவற்றை எடுத்துப் பூஜையில் அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். மறுநாள் மறுபூஜை முடிந்ததும் பூஜையில் வைத்த எல்லாவற்றையும் எடுத்துக் கொஞ்சம் வேலை வாங்க வேண்டும், அதுதான் வழக்கம். இயந்திரத்தை ஒரு தரம் கிளப்பி நிறுத்தினார்கள். அவள் அரிவாள்மணையில் நாலு வெண்டைக்காய் நறுக்கினாள். கத்திகளை மட்டும் அவன் துடைத்து அலமாரிக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.

"ஒவ்வொண்ணாலயும் ஒரு கத்திரிக்காயாவது நறுக்கிட்டு வைங்க. பூஜையில வச்சுட்டு வேலை குடுக்காம எடுத்து வைக்கக் கூடாது."

"ஒரு தடவ நறுக்கினா பாதி விலை போச்சு. யாரும் தொடாததாலதான் அதுக்கு மதிப்பே."

"வெட்டாத கத்திக்கு எதுக்குங்க இவ்வளவு விலை? ஒரு கத்திக் காசுக்கு ஒரு கறவ மாடு வாங்கியிருந்தா வீட்டுக்குப் பாலாவது ஆயிருக்கும்."

அவன் சிரித்து மழுப்பிவிட்டான். அவள் கேட்டது நியாயமான கேள்விதான். சேகரிப்பவர்கள் எவரிடமும் அதற்கு நேரான பதில் கிடையாது.

பழத்துக்கு மறுநாள் கொல்லையில் கொடிக்கயிறு. துவைத்த துணிகளோடு விறைப்பாகத்தான் நின்றது. பூர்ணிமா ஒரு புடவையை உருவியதும் கயிறு முழுக்க விரல் நீளத் துண்டுகளாக உதிர்ந்து ஈரமண்ணில் விழுந்தது. அதற்கடுத்த நாள் அவளுடைய முகூர்த்தப் புடவை. பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்ததை மருமகள் முறைப் பெண்ணின் வளைகாப்புக்குக் கட்டலாம் என்று உதறினாள், அது நாடா நாடாவாகக் காற்றில் விரிந்து தரையில் இறங்கியது. ஒரு நூல் பிசிறு இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"எலின்னு சொல்லாதீங்க. எந்த எலி ஸ்கேல் வச்சு வெட்டும்? என்மேல என்ன கோவம்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

தான் செய்யவில்லை என்று சொன்னான். அவள் நம்பவில்லை. அலமாரிக்கு ஓடிப் பார்த்தான். பூட்டு பூட்டியபடி இருந்தது. ஏழும் அதனதன் இடத்தில் இருந்தன. துடைத்து எடுத்த சந்தனப் பொட்டு மட்டும் ஏழிலும் ஈரமாக, இப்போதுதான் வைத்த மாதிரி இருந்தது.

பழம், கயிறு, புடவை. ஒவ்வொன்றும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது. அன்று ராத்திரி படுத்தபோதுதான் இது அவனுக்கு உறைத்தது. உறைத்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விடிந்ததும் அவள் எழுந்து தலையை முடியப் போனாள். தாலிச் சங்கிலி கழுத்திலிருந்து நழுவி மடியில் விழுந்தது. தங்கம் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. கழுத்துத் தோலில் ஒன்றுமே இல்லை. பூர்ணிமா கத்தவில்லை. எழுந்துபோய் மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள். அவன் அதை அவள் கழுத்தில் கட்டிவிட்டான். "அதுங்கள எங்கயாவது கொண்டுபோய்த் தொலைங்க," என்றாள். அவளும் புரிந்துகொண்டுவிட்டாள்.

தொலைப்பதற்கு முன்னால் வேலை கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தான். விலையாவது மண்ணாவது. ஏழு கத்தியையும் சமையல் மேடையில் பரப்பி, பெரியதை எடுத்துக் கத்திரிக்காயில் வைத்து அழுத்தினான். காய் நசுங்கியது, வெட்டுப்படவில்லை. தக்காளியில் வைத்து இழுத்தான். தோல்கூடக் கிழியவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் தன் கட்டைவிரலில் வைத்து அழுத்தினான். ரத்தம் இல்லை. வாங்கிய அன்றைக்குக் காற்றில் போட்ட காகிதத்தை இரண்டாக்கிய கத்தி! இனி அவன் கொடுக்கும் வேலை அவற்றுக்குத் தேவையில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

ஆற்றில் போட்டுவிடலாம் என்றால் பகலில் மழை விடவே இல்லை. பாலம் முழுக்க ஆட்கள் நின்று வெள்ளம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எவர் கண்ணிலும் படாமல் போக வழியில்லை. ஏழு கத்தியையும் கோணிச் சாக்கில் போட்டு இறுகக் கட்டி, பூர்ணிமா படுத்திருந்த அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, சாக்கின் மேல் கால் வைத்து இரவு முழுக்க உட்கார்ந்திருந்தான். ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தமும், வாய்க்கால் நிறைந்து வயலுக்குள் இறங்கும் சத்தமும், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு ஏறி இறங்குவதும் அவனுக்குத் தனித்தனியாகக் கேட்டன. சாக்கு அசையவில்லை. விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் மழை தூறலானது. அவளை எழுப்பாமல் எழுந்து, வாசல் கிரில் கேட்டை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்கை ஸ்கூட்டர் கால்தட்டில் ஏற்றினான். நல்ல கனம்.

வீரசோழன் ஆற்றுப் பாலத்தில் ஒருவரும் இல்லை. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துப் போனது. சாக்கின் வாயைப் பிடித்துத் தூக்கினான். கை ஒரேயடியாக மேலே போனது. சாக்கின் அடிப்பகுதி கால்தட்டிலேயே கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை.

வழியில் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமே. ஏழு இரும்பு, தார்ச்சாலை. ஸ்கூட்டரைத் திருப்பினான். செல்போன் வெளிச்சத்தை ரோட்டில் அடித்துக்கொண்டே வந்தான். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், வைக்கோல், ஒரு ஒற்றைச் செருப்பு. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் வாசனை இருந்தது. நடவு வயலின் சேற்று வாடைக்கும் ஈரத் தாருக்கும் நடுவில் கிராம்பு. பெட்ரோல் பங்க் தாண்டியதும் லேசாக. நெல் கொள்முதல் நிலையம் தாண்டியதும் இன்னும் கொஞ்சம். அவன் தெருவில் மூச்சு முட்டியது.

கேட்டுப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவியை நீட்டினான். சாவி பட்டதும் பூட்டு இரண்டாகக் கழன்று படியில் விழுந்தது.

"பூர்ணிமா."

உள்ளே நுழைந்தான்.

ஹால். அலமாரி காலி. படுக்கையறைக் கதவு அவன் சாத்தியபடியே. விரல் நுனியால் தள்ளினான். திறந்தது.

அவள் மல்லாந்து படுத்திருந்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நெஞ்சு மேலே வந்து கீழே போனது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிலருகே மண்டியிட்டான். கழுத்தில் மஞ்சள் கயிறு முழுசாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. எடுக்கக் கை நீட்டினான்.

முடி இல்லை.

கோடு.

கழுத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. அங்கே நிற்கவில்லை. தலையணை உறையில் தொடர்ந்தது. விரிப்பில். மெத்தையின் ஓரத்தில். குனிந்தான். தேக்குக் கட்டிலின் பக்கச் சட்டத்தில், மேலிருந்து கீழே, அதே கோடு. அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தான். அங்கும்.

வெட்டுப்பட்டும் எல்லாம் அந்தப் பழம் மாதிரி சேர்ந்தே நின்றுகொண்டிருந்தது. யாரும் இன்னும் தொடவில்லை.

திரும்பி வந்து அவள் தலையை இரண்டு கைகளாலும், மூச்சுவிடாமல், கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தான். உடம்போடு சேர்த்து. இப்படியே. அசையாமல். எவ்வளவு நேரம்? யாரைக் கூப்பிடுவது? வந்தவர்கள் என்ன செய்வார்கள்?

பூர்ணிமா கண் விழித்தாள்.

"என்னங்க, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

பேசும்போது கோட்டின் ஒரு கரை லேசாக ஏறி இறங்கியது.

"பேசாத. பூர்ணிமா, பேசாதம்மா. அசையாத."

"தொலைச்சிட்டீங்களா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. கேட்டதைச் செய்தாள், அசையவில்லை. விரல்கூட.

வெளியே மழை மறுபடி பிடித்தது. அவன் இரண்டு கைகளும் அவள் தலையில் இருந்தன. அப்போது கட்டிலுக்கு அடியில் தேக்கு ஒரு தடவை முனகியது. கால்மாட்டுப் பாதி, அவள் உடம்போடு, ஒரு நூல் அளவு கீழே இறங்கியது.