வாய்க்காலின் எதிர்முனை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்த வேண்டாம், காற்று வரட்டும்; ஆனால் யாரும் தனியாக ஓரத்தில் இருக்க வேண்டாம். மரக்காணத்து உப்பளத்தில் அம்சவள்ளி என்று ஒருத்தி புதர் வெட்டப் போன கதையைச் சொல்கிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அம்சவள்ளி மெஷினை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை.

அணைத்த மெஷின் தோள்வாரில் சூடாகத் தொங்கியது; அதன் பல்சக்கரம் நாலு சுற்று சுற்றி ஓய்ந்தும் விட்டது. ஆனால் எதிரே, ஆள் உயரத்துக்கும் மேலே மண்டிக் கிடந்த வேலிகாத்தான் முள்ளுக்கும் நாணலுக்கும் அப்பால், எங்கோ தூரத்தில், அதே சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய மெஷினைப் போலவே கொஞ்சம் கரகரப்பாக. பிறகு அதுவும் நின்றது.

பிற்பகல் மூன்று மணி. உப்புப் பாத்திகளில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. காதைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை அவள் அவிழ்த்தாள். காற்றைத் தவிர ஒன்றுமில்லை. எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் எதிரொலிக்குச் சுவர் வேண்டும். இந்தச் சமவெளியில் சுவருக்கு எங்கே போவது?

அவள் ஏன் அங்கே நின்றாள் என்று சொல்லிவிடுகிறேன். கடலை ஒட்டிய உப்பங்கழியிலிருந்து அவர்கள் பாத்திக்குத் தண்ணீர் வருவது அந்த ஒரே வாய்க்கால் வழியாகத்தான். போன வருடப் புயலில் அது தூர்ந்து, முள் ஏறிவிட்டது. தை பௌர்ணமிக்குள் தண்ணீர் ஏறாத பாத்தியை அடுத்தவருக்கு மாற்றிவிடுவது அவர்கள் சங்கத்து முடிவு. பௌர்ணமிக்கு இரண்டே நாள். புருஷன் காசிலிங்கம் லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடக்கிறான். கூலிக்கு ஆள் கேட்டால், எல்லோரும் அவரவர் பாத்தியில். ஜேசிபி வந்தால் கரை தாங்காது, புதைந்துவிடும். அந்தப் பாத்தி போனால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அதனால்தான் முதல் நாள் மெஷின் கடைக்குப் போனாள். கடைக்காரர் மணிவண்ணன் முதலில் கேட்டதே அதைத்தான்.

"என்னாத்த வெட்டப் போறீங்கக்கா? புல்லா, பொதரா?"

"முள்ளு. வேலிகாத்தான். கட்டை வெரல் தடிமன்ல இருந்து மணிக்கட்டு தடிமன் வரைக்கும் இருக்குது. நடுவுல நாணலு."

"அப்ப இது வேணாம்." முன்னால் மாட்டியிருந்த சின்ன மெஷினை ஒதுக்கினார். "வெல கம்மிதான். ஆனா நைலான் கயிறு போட்டது. புல்லுக்குத்தான் ஆவும். உங்க முள்ளுல விட்டா கயிறு நூலு நூலா பிரிஞ்சி, நீங்க உக்காந்து பூ கட்டலாம்."

அவள் சிரிக்கவில்லை. "அது?"

"அது நாலு ஸ்ட்ரோக்கு. முதுகுல மாட்டிக்கலாம். சத்தமே வராது, பக்கத்துல கொழந்த தூங்கும்." விலையைச் சொன்னார்.

"கொழந்த தூங்கும். நாங்க எங்க தூங்கறது? ரோட்டுலயா?"

மணிவண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளேயிருந்து மூன்றாவதை எடுத்து வந்தார். ரெண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். தோளில் வார் போட்டு இடுப்போரம் தொங்கவிடுவது. இஞ்சின் பெரிசு. முனையில் எண்பது பல் வைத்த இரும்புச் சக்கரம், ரம்பம் மாதிரி.

"உங்க காசுக்கு உங்க முள்ளை வெட்டறது இது ஒண்ணுதான். மணிக்கட்டு தடிமனெல்லாம் சும்மா இறங்கும். ஆனா அதிரும், கை மரத்துப்போவும், அப்பப்ப நிறுத்தி ஆற வுடணும். சத்தம் வேற ஜாஸ்தி. ரெண்டு கிலோமீட்டருக்குக் கேக்கும்."

"கேட்டா கேக்கட்டும். அங்க யாரு இருக்கறாங்க?"

அவள் அதைத்தான் வாங்கினாள். கண்ணுகளா, நானாக இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். அவள் செய்த தப்பு அதில் இல்லை.

இரண்டாவது தடவை நிறுத்தியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்குப் பின்னால் முப்பது அடி வாய்க்கால் சுத்தமாகக் கிடந்தது; வெட்டிய அடிக்கட்டைகள் நாணயம் போல வட்டம் வட்டமாக வெளுத்துத் தெரிந்தன. துண்டை அவிழ்த்தாள். எதிர்ப் பக்கம் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. முன்பு கேட்டதைவிடக் கிட்டே.

அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. சகாதேவன்! வாய்க்காலின் கழிப் பக்கத்துப் பாதி அவனுடையது. நாளைக்குத்தான் ஆள் இறக்குவேன் என்றிருந்தான். இன்றைக்கே மெஷினோடு வந்துவிட்டான் போலிருக்கிறது.

அந்த உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே வாய்க்காலை இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேர் வெட்டி வந்தால், ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூப்பிட்டுவிட்டால் நடுவில் சந்திக்கும்வரை யாரும் பாதியில் போகக் கூடாது. எதிரே நிற்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியும் வந்ததில்லை. மூடிக்கிடக்காத வாய்க்கால் நேர்கோடு. இந்த முனையில் நின்றால் அந்த முனையில் இருப்பவர் முகம் தெரியும். முகம் தெரியாத வாய்க்காலில் கூப்பிடலாமா என்று ஒருவருமே யோசித்ததில்லை.

அம்சவள்ளியும் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் வாயோரம் குவித்துக் கூப்பிட்டாள்.

"ஏ… எதிராளூ! எம்பாதி இங்க! ஒம்பாதிக்கு வா!"

எதிரே சத்தம் சட்டென்று நின்றது. நாணலில் காற்றுகூட நின்றதுபோல் இருந்தது. பிறகு சத்தம் மறுபடி கிளம்பியது. முன்பைவிட வேகமாக. யாரோ சந்தோஷத்தில் முறுக்கியதுபோல.

அவளும் கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினாள். இரும்புச் சக்கரம் முள்ளில் இறங்கும்போது பச்சை வாசனையும் ஈரப் பட்டை வாசனையும் கிளம்பும். வெட்டுப்பட்ட கிளை ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுச் சாயும். சின்னச் சின்ன முள் தெறித்து முழங்காலில் சுருக்கென்று தைக்கும். கணுக்கால் சேற்றுக்குள் நண்டுகள் ஓடும் குறுகுறுப்பு தெரியும். கை மரத்துவிட்டது. ஆனாலும் நிறுத்த மனமில்லை. எதிராள் வேகமாக வருகிறானே, நாம் சளைப்பதா?

பெட்ரோல் தீர்ந்து மெஷின் தானே அடங்கியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. எதிர்ச் சத்தம் இப்போது நாற்பது அடிக்குள்ளே. அவள் கரையில் ஏறி, கேனை எடுத்துக்கொண்டே சகாதேவனுக்குப் போன் போட்டாள். வேகத்தைக் கேலி செய்யலாம் என்று.

"அக்கா! சொல்லுக்கா." பின்னால் மேளச் சத்தம், பாத்திரச் சத்தம்.

"எங்கப்பா இருக்க?"

"திண்டிவனத்துல. மச்சான் பொண்ணுக்கு நிச்சயம். சாம்பார்ல முருங்கக்காய தேடினு இருக்கேன். காலைல வந்து நம்ம பக்கம் ஆள் எறக்கிடறேன்கா, கவலப்படாத."

"அப்ப உங்க பக்கம் மெஷின் ஓட்டறது யாரு?"

"மிசினா? எங்கிட்ட ஏதுக்கா மிசினு? அருவாளே மொட்ட."

அவள் போனை இறக்கினாள். சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு யாராவது இருக்கலாம். சங்கத்து ஆளாக இருக்கலாம். அவள் கேனின் மூடியைத் திறந்தாள். ஆயில் கலந்த பெட்ரோல் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அப்போதுதான் அது உறைத்தது. காற்று கடல் பக்கமிருந்து, எதிர்முனையிலிருந்துதான், அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. நாற்பது அடியில் ஒரு ரெண்டு ஸ்ட்ரோக் மெஷின் ஓடினால் நீலப் புகை கண்ணைக் கரிக்க வேண்டும். வாசனை வர வேண்டும்.

வந்தது சேற்று வாசனைதான். அதற்கடியில் வேறொன்று. ரொம்ப நாள் மூடியிருந்த ஏதோ ஒன்றைத் திறந்ததுபோல் வெதுவெதுப்பான ஒரு வாடை.

போய்விடலாம். வீடு பின்னால், வாய்க்கால் முடியும் பாத்தியோரத்தில், இருநூறு அடிக்குள்தான். கரையில் நின்றாலே ஓட்டுக்கூரையும் திறந்த கதவும் தெரிகின்றன. ஆனால் கூப்பிட்டாயிற்று. பாதியில் போகக் கூடாது. பௌர்ணமிக்கு இரண்டு நாள். மிச்சமிருப்பதோ ஒரு மாட்டுக்கொட்டகை அகலம். அவள் பெட்ரோலை ஊற்றினாள். பாதி சேற்றில் சிந்தியது. வாரை மாட்டிக்கொண்டாள். கயிற்றைப் பிடித்தாள்.

இழுக்கவில்லை. கேட்டாள்.

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்…

நின்றது. ஒரு சின்ன இடைவெளி. உள்ளே இழுக்கும் ஓசை. மறுபடி, ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. இடைவெளி. இழுப்பு. மறுபடி ஒன்பது, பத்து, பதினொன்று.

மெஷினுக்கு மூச்சு வாங்காது.

நாணல் அசைந்தது. நுனியில் அல்ல, அடியில். ஒரு தண்டு சாய்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. முள்மரம் ஒன்று நடுங்கியது, யாரோ அடியைப் பிடித்து ஆட்டுவதுபோல. சாய்ந்தது. வெட்டும் ஓசை இல்லை. மெல்லும் ஓசை இருந்தது.

பின்னால் நகர வேண்டும். கால் சேற்றில். நகரவில்லை.

சத்தம் முப்பது அடி. இருபது.

பத்து.

கடைசி நாணல் வரிசை விலகியபோது முதலில் வந்தது தண்ணீர். கழித் தண்ணீர். சல்லென்று அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, அவள் வெட்டிவைத்த பாதையில், அவள் பாத்தியை நோக்கி ஓடியது. அத்தனை நாள் அவள் வேண்டிக்கொண்ட தண்ணீர். அதில் மிதந்து வந்த முள்கட்டைகள் வட்டமாக வெட்டுப்பட்டவை அல்ல. நார் நாராகக் கடிபட்டவை.

பிறகு அது.

வாய்க்காலின் அகலத்துக்கு, தரையோடு தரையாக, ஈரக் களிமண் நிறத்தில். கண் எங்கே என்று தேடினாள். கண் இல்லை. வாய்தான் இருந்தது. ஊதுவதற்குக் குவித்த வாய். உதட்டைச் சுற்றி முள் குத்தியிருந்தது. உள்ளே தொண்டைச் சதை அதிர்ந்தது. ட்ர்ர்ர்ர்ர்.

அவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. சந்தித்தாயிற்று.

வாய் மூடியது.

அமைதி. தண்ணீர் ஓடும் ஓசை மட்டும். அந்த அமைதியில் அவள் தொண்டைக்குள் ஏதோ ஒன்று இளகியது; பல் விழுவதற்கு முன்னால் ஆடுமே, அப்படி. வலிக்கவில்லை. சுலபமாகக் கழன்றது.

வீட்டிலிருந்து காசிலிங்கத்தின் குரல் வந்தது. "அம்சா! இருட்டப் போவுது, விட்டுட்டு வா! கதவு தொறந்துதான் இருக்குது!"

அது வீட்டுப் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தது.

"தோ… வர்றேங்க."

அவளுடைய குரல். ஒரு குறையும் இல்லை. அசதிகூட அப்படியே இருந்தது.

அவள் காலில் உரசிக்கொண்டு அது கடந்து போனது. தண்ணீரோடு, சுத்தமாகக் கிடந்த வாய்க்காலில், ஒரு முள்கூடத் தடுக்காத வழியில், நேராக. அவள் கத்த வாய் திறந்தாள். கதவைச் சாத்துங்க. சாத்துங்க.

வீட்டுக்குள் காசிலிங்கம் சொல்வது கேட்டது. "வந்துட்டியா? உள்ள வா. கால் கழுவலயா? ஈரமா…"

கட்டில் கிறீச்சிட்டது.

"அம்சா… நீ இங்க வந்துட்ட. அப்ப அங்க மிசினை யாரு ஓட்டறது?"

வாய்க்காலின் நடுவில் அம்சவள்ளி நின்றிருந்தாள். அவள் தோளில் தொங்கிய மெஷின் ஆறிக் குளிர்ந்திருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, கண்ணில் நீர் வழிய, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, அவள் கத்திக்கொண்டிருந்தாள். ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர். மூச்சு வாங்கி, மறுபடியும். ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் அவரவர் குரல் அவரவர் தொண்டையிலேயே தங்கட்டும். வெளியே போனவர்கள் போனவர்களாகவே திரும்பி வந்து உங்கள் வாசலை மிதிக்கட்டும். அடுப்பில் உலை கொதிக்கட்டும், படுக்கையில் தூக்கம் நிறையட்டும், உங்கள் சனம் எல்லாம் நல்லா இருக்கட்டும்.