கடன்குச்சி இல்லாத குதிர்

"பூட்டே இல்லேன்னா திருடன் எதைம்மா உடைப்பான்?"

அசுங் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. முதல்முறையாக நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். கடைக் கதவுகளில் தொங்கிய பூட்டுகள் அவளுக்குப் பெரிய அதிசயம். ஊருக்கு வந்ததும் நெற்களஞ்சியங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றிலும் பூட்டைக் காணோம். அம்மா லிவு சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டாள்.

போர்னியோத் தீவின் நடுக்காட்டில், தெலாவா ஆற்றங்கரையில் இருக்கிறது அவர்கள் ஊர். தீப்பிடித்தாலும் நெல் பிழைக்கட்டும் என்று களஞ்சியங்களை வீடுகளை விட்டுத் தள்ளிக் கட்டியிருப்பார்கள். மேல்காட்டு மலைவயல்களில் குடும்பத்துக்கு ஒரு குடில் உண்டு. அதில் மரப்பட்டையால் செய்த குதிர் நிறைய நெல் இருக்கும், பக்கத்தில் உரலும் உலக்கையும் இருக்கும். பசித்து வருகிற எவரும் குத்திச் சமைத்துச் சாப்பிடலாம். மூட்டை கட்டிக்கொண்டு போகத்தான் கூடாது. சாப்பிட்டவர் ஒரு குச்சியைப் பிளந்து இலை செருகி, தன் வெட்டுக்குறியைப் போட்டுக் குதிரின் அருகே நட்டுவிட்டுப் போக வேண்டும். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அவர் போனது அந்தப் பக்கம். அதற்குக் கடன்குச்சி என்று பெயர். பிறகு எப்போதாவது வந்து நெல்லைத் திருப்பிப் போட்டுவிட்டுக் குச்சியைப் பிடுங்கிக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, லிவுவின் கணவன் உயாவின் படகு ஆற்றில் கவிழ்ந்தபடி மிதந்து வந்தது. ஆள் இல்லை! விலை உயர்ந்த வாசனை மரமான அகிலைத் தேடி மேல்காட்டுக்குத் தனியே போனவன் அவன்.

கரையில் கூடியவர்கள் தலை குனிந்தார்கள். "கோயில் மணியை அடிக்கட்டுமாம்மா?" என்று சபை மூப்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அடிங்க ஐயா, எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. ஆனா செத்தவருக்கு அடிக்கிற மணி வேண்டாம்" என்றாள் லிவு.

அவள் முதுகுக்கூடையை மாட்டிக்கொண்டாள். அண்ணன் லாவை படகின் இயந்திரத்தை முடுக்கினான். உயாவின் தங்கை ஊபுங் படகின் முன்முனையில் ஏறிக் கழியைப் பிடித்தாள். படகு பாய்ந்தது!

"பாறை! இடப்பக்கம்! அண்ணே, இடப்பக்கம்னா உங்க ஊர்ல வலப்பக்கமா?" என்று கத்தினாள் ஊபுங்.

"நீ கழியை ஊனு, வாயை ஊனாதே!"

நுரைத்த வெள்ளத்தை எதிர்த்துப் பேரருவியின் காலடி வரை போனார்கள். அதற்கு மேல் படகு ஏறாது. கரையோரச் சேற்றில் உயாவின் துடுப்பு செருகிக் கிடந்தது. அங்கிருந்து நடை. அட்டைகள் காலைக் கவ்வின. பிரம்பு முள் சட்டையைக் கிழித்தது. மேட்டிலிருந்த முதல் குடிலை அடைந்ததும் ஊபுங் துள்ளினாள்.

"அண்ணி! குச்சி!"

மூன்று நேர்வெட்டு, ஒரு சாய்வெட்டு. உயாவின் குறிதான்! குச்சி மலைமுகட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து முகட்டு வழியாக வீடு திரும்பப் பார்த்திருக்கிறான். லிவு குச்சியைத் தொட்டுப் பார்த்தாள், பிடுங்கவில்லை.

ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். வழியில் ஆழமான ஓடை ஒன்று. குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஒருவர் பின் ஒருவராகக் கடந்தார்கள். முகட்டில் இரண்டாவது குடில். அது அடுத்த ஊர்க்காரர்களுடையது. குதிரின் மூடி சரிந்திருந்தது. நெல்லில் கைவிட்டு அள்ளிய பள்ளம். அடுப்பில் புதுச் சாம்பல்.

"மாப்பிள்ளை இங்கதான் சாப்பிட்டிருக்காரு!" லாவையின் முகம் மலர்ந்தது. "முகட்டு வழியாவே அடுத்த ஊருக்குப் போயிருப்பாரு. வாங்க, இருட்டுறதுக்குள்ள தூரம் போயிடலாம்!"

லிவு குடிலைச் சுற்றி வந்தாள். "குச்சி எங்கண்ணே?"

"பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வரும். அப்ப உக்காந்து குச்சியா சீவுவாரு?"

"சீவுவாரு."

"லிவு, யாரும் பார்க்காத காட்டுல—"

"யாரும் பார்க்காத இடத்துலதான் அவர் சீவுவாரு. இங்க சாப்பிட்டது வேற யாரோ. இவர் இந்தக் குடிலுக்கு வந்து சேரவே இல்லை."

சொல்லிவிட்டாள். தன் கணக்கு தப்பினால்? அண்ணன் சொன்ன வழியில் உயாவ் விழுந்து கிடந்தால்? போன வருடம் ஒருநாள் அவன் யாருடைய குடிலிலோ இரண்டு கிழங்கு சுட்டுத் தின்றுவிட்டு, குச்சி நட மறந்து வீடு வந்து, கொட்டும் மழையில் திரும்பிப் போய் நட்டுவிட்டு வந்தான். "கிழங்குக்காகக் காய்ச்சலை வாங்கிட்டு வந்தீங்களா?" என்று அன்று அவனைத் திட்டியவள் அவள்தான். இன்று அவளிடம் இருந்த ஆதாரம் அது ஒன்றுதான். கண்ணை மூடி, "ஆண்டவரே, நான் அவரை நம்புறேன், நீங்க என் காலை நடத்துங்க" என்றாள். பிறகு வந்த வழியே இறங்கத் தொடங்கினாள்.

லாவை பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்தொடர்ந்தான். மழை பிடித்துக்கொண்டது. ஓடையின் மரப்பாலத்தில் லிவு குனிந்து பார்த்தாள். ஓரிடத்தில் பாசி வழுக்கி உரிந்திருந்தது! அவசரத்தில் மூவரும் அதன் மேல் மிதித்துக்கொண்டே போயிருந்தார்கள்.

"உயாவ்!"

தண்ணீரின் இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். கீழே, புதர்களுக்கு அடியில், கல்லோடு கல் மோதும் சத்தம். டொக்... டொக்...

"இருக்கான்! அண்ணன் இருக்கான்!" ஊபுங் அலறினாள்.

லாவை பிரம்புக்கொடியை மரத்தில் கட்டி, சறுக்கி இறங்கினான். ஒரு பாறைவிளிம்பில் உயாவ் கிடந்தான், கால் ஒடிந்திருந்தது, செந்நிற வெள்ளம் இடுப்பைத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளை, என் கழுத்தைக் கட்டிக்கோங்க!" பெண்கள் இருவரும் கால்களை வேரில் ஊன்றிக் கொடியை இழுத்தார்கள். மேலே வந்து சேர்ந்தபோது அவன் கிடந்த பாறை தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

உயாவ் கண் திறந்து மனைவியைப் பார்த்தான். "கீழ்க் குடில்ல நெல் எடுத்தேன் லிவு. திருப்பிக் குடுக்கணும்."

"அகில் எங்கேன்னு கேட்டா ஆத்துல போச்சும்பே. நெல்லு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!" என்று ஊபுங் அழுதுகொண்டே சிரித்தாள்.

படகு வரை அவனை லாவையே சுமந்தான். பெண்கள் மாற்றிச் சுமக்கக் கேட்டும் கொடுக்கவில்லை. ஊர்த்துறையில் படகு திரும்பியபோது மணி அடித்தது. கோயிலிலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். அகில் இல்லாத அந்த வெறும் படகை அவர்கள் வரவேற்றதைப் பார்த்தால் பொற்குவியல் வந்து இறங்கியது என்றே நினைக்கத் தோன்றும்.

அறுவடை முடிந்தது. உயாவ் இன்னும் தடியூன்றித்தான் நடந்தான். அதனால் லிவு கூடை நிறையப் புதுநெல்லோடு தனியாகப் புறப்பட்டாள். கீழ்க் குடிலில் கணவனின் கடனைக் கொட்டிவிட்டு அவன் நட்ட குச்சியைப் பிடுங்கினாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. ஆனால் கூடையில் இன்னும் பாதி நெல் இருந்தது.

அவள் முகட்டுக்கு ஏறினாள்.

இரண்டாவது குதிரில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. எடுத்தவர் யாரோ? வழி தவறியவராக இருக்கலாம். பிள்ளையைச் சுமந்து வந்த ஒரு தாயாக இருக்கலாம். இந்த ஊர் வழக்கமே தெரியாத பரதேசியாகவும் இருக்கலாம். அவருடைய பசி செய்த பிழைதான் அன்று அவளை ஓடைக்குத் திருப்பியது. லிவு கூடையைச் சாய்த்தாள். பள்ளம் நிரம்பும் வரை நெல் சரசரவென்று விழுந்தது. உள்ளங்கையால் அதைச் சமமாகத் தடவிவிட்டு, மூடியைப் பொருத்தி, மழை புகாதபடி அழுத்தினாள்.

போட்டது யாரென்று காட்டும் குச்சி எதையும் நடாமல் இறங்கிப் போனாள்.