மூன்றாவது கட்டத்தில் முப்பத்தாறு

கணக்கம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் பூசணித் தோட்டத்துக்குள் நுழைந்தால், மீனுக்குக் காத்திருக்கும் கொக்கைப்போல ஒரு பூவின் முன் பத்து நிமிடம் அசையாமல் நிற்பார். தேனீ வந்து அமர்ந்தால் கைக்கருவியில் ஒரு சொடுக்கு. பூவுக்கு வரும் பூச்சிகளை எண்ணுவதே அவருடைய உத்தியோகம். படிவத்தில் ஏழு மணி, ஒன்பது மணி, மூன்று மணி என மூன்று கட்டங்கள். கடுகு வயலில் மூன்றையும் நிரப்புவார். பூசணிக்கு மட்டும் மூன்றாவதில் ஒரு கோடு இழுத்துவிடுவார்.

வியாழனன்று அவர் கடுகு வயலுக்குப் போயிருந்தார். பூசணியை எண்ணியவன் தோட்டக்காரரின் தம்பி. போன மாதம்தான் பட்டணத்திலிருந்து திரும்பியவன்.

வெள்ளி, காலை 6.10. தேன்பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. கொடிகளின் மேல் வெள்ளையாக மருந்துத் தூள்.

பெட்டிகளுக்குச் சொந்தக்காரரான தேனீக்காரர், தோட்டக்காரரின் மனைவிக்கு அண்ணன். மிஞ்சிய பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பூ விரிஞ்சிருக்கிற நேரத்துல மருந்து தூவிட்டீங்க, மாப்பிள்ளே! இனி தங்கச்சி வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

தோட்டக்காரரின் முகம் வெளிறியது. தேனீ போனால் காய்ப்பும் போகும், உறவும் போகும்.

"சாயங்காலம் தூவுன்னுதான் சொன்னேன், மச்சான். தம்பியைக் கேளுங்க."

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் தூவினேன்," என்றான் தம்பி. "படிவத்தைப் பாருங்க. மூணு மணிக்கும் முப்பத்தாறு தேனீ நல்லாத்தானே பூவுல உக்காந்திருந்துச்சு? அப்புறம் வேற எங்கயோ போய் விஷம் தின்னிருக்கும்."

ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். கணக்கம்மா மட்டும் படிவத்தைப் பார்த்தார். 41, 38, 36. பிறகு குனிந்து, நனைந்த குடைபோலச் சுருங்கித் தொங்கிய நேற்றைய பூ ஒன்றைப் பறித்தார். நகத்தால் கீறினார். உள்ளே ஒரு செத்த தேனீ. அதன் முதுகில் வெள்ளைத் தூள்.

"மூணு மணிக்கு எந்தப் பூவுல எண்ணுனீங்க, தம்பி?"

"இந்த வரிசையிலதான்."

"பூசணிப் பூ விடியும்போது விரியும். பதினொரு மணிக்குள்ள மூடிக்கும், மறுபடி திறக்காது. முப்பத்தாறு தேனீயும் கதவைத் தட்டிக்கிட்டு நின்னுச்சா?"

தேனீக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பிக்கு வரவில்லை.

"அது கடுகுக்குன்னு அச்சடிச்ச படிவம். கட்டம் காலியா இருக்கேன்னு நிரப்பிட்டீங்க, எண்ணலை. சாயங்காலம் தூவியிருந்தா, மூடின பூவுக்குள்ள தூள் எப்படிப் போச்சு? தூவினது நேத்துக் காலையில, பூ விரிஞ்சிருந்தப்போ. தூவினவர் நீங்க."

தம்பி தலை குனிந்தான். "பந்தாட்டம் பாக்கப் போகணும்னு வேலையைச் சீக்கிரமே முடிச்சிட்டேன். சாயங்காலம்னு ஏன் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியலை."

"கேட்டிருக்கலாமே," என்றார் கணக்கம்மா.

சனி, காலை 6.00. கணக்கம்மாவுக்கு முன்பே தோட்டத்தில் ஓர் உருவம் குனிந்திருந்தது. தம்பி ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அதன் மகரந்தத்தை ஒவ்வொரு பெண் பூவிலும் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"பெட்டி பழையபடி நிறையற வரைக்கும் அதுங்க வேலையை நான் செய்யறேன், மச்சான்."

தேனீக்காரர் பெட்டிகளைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அந்த ஓரத்துல ரெண்டு பூவை விட்டுட்டீங்க, மாப்பிள்ளே."