தண்ணீர் குடித்த எஞ்சின்

தரைப்பாலத்தில் ஏறியதும் கார் மறுபடியும் நின்றுவிட்டது.

கனகலட்சுமி ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட் எரிந்தது, ஹாரன் அடித்தது, எஞ்சின் மட்டும் கல்லாகக் கிடந்தது.

பின் சீட்டில் வீங்கிய கால்களை நீட்டிச் சாய்ந்திருந்த அவள் அப்பா சிவனாண்டி மெதுவாகக் கேட்டார். "நின்னுட்டாட்டி?"

"நின்னுட்டு."

"அன்னைக்கு நின்ன அதே இடந்தான?"

"ஆமாப்பா. நீங்க பேசாம சாஞ்சிருங்க."

இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த மனிதர் அவர். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரம் இருமுறை சங்கரன்கோவிலுக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப் போக வேண்டும். ஷேர் ஆட்டோவின் குலுக்கல் அவருக்கு ஆகவில்லை என்றுதான் கடையநல்லூரில் ஒரு புரோக்கரிடம் பழைய டீசல் கார் ஒன்றைப் பார்த்து வாங்கினாள். வாங்கிய நாளிலிருந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு இந்த ஓடையை அவளால் ஒரு தடவைகூடத் தாண்ட முடியவில்லை. நேரம் தவறினால் அங்கே மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். போன தடவை அப்படித்தான் ஆனது. அன்று ராத்திரி முழுக்க அவர் மூச்சுக்குத் திணறியதை அருகில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

இன்று அவளுக்குப் பக்கத்து சீட்டில் ரிபாயி இருந்தான். சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். நேற்று அவனிடம் போய்க் கத்திவிட்டு வந்திருந்தாள்.

"டீசல் பில்டர மாத்துன, ரிலேய மாத்துன. ஒங்கிட்ட வந்தா ஒரே சாவியில ஸ்டார்ட் ஆவுது. எங்கப்பா ஏறுனா மட்டும் நிக்குது. நாளைக்கு நீ கூட வந்து பாரு."

அவன் மறுக்கவில்லை. இந்தப் பாலத்தில் அவன் தனியாக எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறான். அவளும் தனியாக ஆபீசுக்கு இதே வழியில்தான் போய்வருகிறாள். அப்போதெல்லாம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது.

ரிபாயி இறங்கி பானெட்டைத் தூக்கினான். உச்சி வெயில். ஓடையில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த களிமண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கருவேலம் புதர்களும்தான். தூரத்தில் ஒருத்தி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டரி நல்லாருக்குக்கா." மீட்டரை வைத்துப் பார்த்துச் சொன்னான். கொண்டுவந்திருந்த ஸ்கேனரைச் செருகினான். "ஒரு கோளாறும் காட்டல."

"அதத்தான் ஒவ்வொரு தடவயும் சொல்லுத."

டீசல் குழாயைக் கழற்றிப் பம்பை அமுக்கினான். டீசல் பீறிட்டது. "இதும் வருது." பிறகு பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்து, எஞ்சினின் அடிப்பக்கத்துப் போல்ட்டில் மாட்டிக் கையால் சுற்றப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினான்.

"என்னலே?"

"ஜாம் ஆயிருக்கு. காத்துக்குப் பதிலா உள்ள வேற என்னமோ நிக்குது."

காருக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஏட்டி கனகு, ஒரு மடக்குத் தண்ணி தாயேன்."

"ஒங்களுக்குள்ளதக் காலையிலயே குடிச்சாச்சுப்பா." எரிந்து விழுந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். தினமும் இதே சண்டைதான். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. ஏசி நின்றுபோன வண்டியில் வெந்துகொண்டிருக்கிறாரே என்று கண்ணாடியை இறக்கிவிடத் திரும்பினாள். அதற்குள் ரிபாயி கூப்பிட்டான்.

"யக்கா, இங்கன வாங்க."

ஏர் பில்டர் பெட்டியின் மூடியைத் திறந்திருந்தான். அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

செம்மண் கலந்த தண்ணீர். பாசி நாற்றம் குப்பென்று அடித்தது. பில்டர் அட்டை சோறு மாதிரி ஊறிக் கிடந்தது. அதன் மேல் ஒரு கோரைப்புல் ஒட்டியிருந்தது, இப்போதுதான் பிடுங்கிய பச்சையோடு.

"எஞ்சின் தண்ணி குடிச்சிருக்கு." ரிபாயியின் குரல் இறங்கியிருந்தது. "வெள்ளத்துல விட்ட வண்டிதான் இப்படி நிக்கும்."

"எங்கலே வெள்ளம்?"

தண்ணீர் நிற்காமல் வந்தது. ஒரு பெட்டியில் அவ்வளவு கொள்ளாது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பம்பரின் மேலாக வழிந்து, கொதிக்கும் சிமெண்டில் விழுந்து, கறைகூட வைக்காமல் மறைந்தது.

"ஏட்டி." அப்பாவின் குரல். "காலு நனையுது."

கனகலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

ஏற்றிவிட்ட கண்ணாடிக்குப் பின்னால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தை உயர்த்தி, முகத்தைக் காரின் கூரையைப் பார்க்கத் தூக்கியிருந்தார். அவருடைய தோள்துண்டு தோளில் இல்லை.

அது அவர் முகத்துக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது.

கதவை இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் ஓடினாள். அதுவும் வரவில்லை. பூட்டு விழவில்லை. பிடி அசைகிறது, கதவு மட்டும் உள்ளிருந்து யாரோ முழுப் பலத்தோடு இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. ரிபாயி முன் கதவுகளைப் பிடித்து இழுத்தான். பயனில்லை.

உள்ளே அப்பாவின் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

அவருடைய வெள்ளை முடி மெல்ல மேலெழுந்து பரவியது.

"ஒடைலே" என்றாள் அவள். "கண்ணாடிய ஒடை."

ரிபாயி ஜாக்கிக் கம்பியால் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளமாய்த் தண்ணீர் பாயும் என்று இருவரும் பின்வாங்கினார்கள். ஒரு சொட்டுகூட வரவில்லை. சூடான காற்றுதான் வந்தது. சீட் காய்ந்திருந்தது. அப்பாவின் சட்டை காய்ந்திருந்தது. ஆனால் அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

இப்போது கதவு சாதாரணமாகத் திறந்தது. அவரை வெளியே இழுத்துப் பாலத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கனகலட்சுமி அவர் முதுகில் அடித்தாள். அவர் இருமினார். பிறகு வாந்தி எடுத்தார். ஒரு மடக்குத் தண்ணீருக்கு ஏங்குகிற மனிதர், குடம் குடமாகச் செம்மண் தண்ணீரைக் கக்கினார்.

மூச்சு சீரானதும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ள எங்கட்டி?"

"எந்தப் பிள்ளப்பா?"

"எம் பக்கத்துல இருந்துச்சே. நான் கதவத் தட்டுனேன். அது சொல்லுது, தொறக்காது தாத்தா, நானும் தட்டிப் பாத்துட்டேன்னு."

ரிபாயி காரிலிருந்து எட்டிப் போய் நின்றான்.

ஆடு மேய்த்தவள் இதற்குள் ஓடி வந்திருந்தாள். மாரித்தாய் என்று பெயர். கனகலட்சுமிக்கு முகம் தெரிந்தவள்தான். அவள் சிவனாண்டியைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றிப் போய்ப் பின்கதவுக்குக் கீழே ஒரு நெளிவைக் கையால் தடவினாள்.

"நாங்க கயிறு கட்டி இழுத்த எடம்லா இது." தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள். "போன ஐப்பசியில ஓடையில தண்ணி பொரண்டு வந்துச்சு. வெளியூர்க்காரவ, தெரியாம எறங்கிட்டாவ. முன்னால இருந்த ரெண்டு பேரும் நீந்திக் கரையேறிட்டாவ. பின்னால ஒரு பொட்டப்பிள்ள."

நெளிவிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இத எதுக்கு வாங்குனிய?" என்று மட்டும் கேட்டாள்.

கனகலட்சுமிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. புரோக்கர் மேல், ரிபாயி மேல், புதுசாகப் போட்டிருந்த சீட் உறையைப் பார்த்து ஏமாந்த தன் மேல், யாரென்றே தெரியாத அந்தப் பிள்ளை மேலும்கூட. எங்கப்பா உனக்கு என்ன செய்தார் என்று அந்தக் காலி சீட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

வண்டியைத் தள்ளிப் பாலத்தைத் தாண்ட வைத்தார்கள். தாண்டியதும் ரிபாயி சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. அவன் உடனே அணைத்துவிட்டு இறங்கினான். "நான் இதுல வரமாட்டேங்கா" என்றான்.

அவ்வழியாக வந்த ஆட்டோ ஒன்றில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனாள். அன்றே புரோக்கருக்குப் போன் செய்து சத்தம் போட்டாள். அவன் இல்லை என்று சாதிக்கவில்லை. "தண்ணியில கெடந்த வண்டிதான், சரி பண்ணித்தான குடுத்தோம்" என்றான். மறுநாளே அவனுடைய ஆட்கள் வந்து காரைக் கட்டி இழுத்துப் போனார்கள். யார் தலையில் கட்டினானோ, அவள் கேட்கவில்லை.

அடுத்த டயாலிசிசுக்கு ஆட்டோவிலேயே போனார்கள். ஓடையைத் தாண்டும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நர்ஸ் பொன்மணி ஊசி போட்டு மெஷினை ஓடவிட்டாள். அவருடைய ரத்தம் குழாயில் சிவப்பாகச் சுற்றுவதைப் பார்த்தபடி கனகலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பல நாட்களுக்குப் பிறகு முதுகைச் சாய்த்தாள்.

மெஷின் நின்றது.

அலாரம் அடிக்கவில்லை. திரை எரிந்துகொண்டிருந்தது. பொன்மணி பட்டனை அமுக்கினாள், பிளக்கை ஆட்டிப் பார்த்தாள், குழாயைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெஷினில் கைப்பிடியை மாட்டி, குழாயில் நின்ற ரத்தத்தைக் கையாலேயே சுற்றி உடம்புக்குள் அனுப்ப ஆரம்பித்தாள்.

"கரண்டு இருக்கு. ஒரு கோளாறும் காட்டலியே" என்றாள் எரிச்சலோடு. "காலையிலேர்ந்து நல்லாத்தானக்கா ஓடுச்சு."

கனகலட்சுமி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணை மூடியபடியே, ஊசி ஏறிய கையை அசைக்காமல், கட்டிலில் மெல்லச் சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தார். ஒரு சின்னப் பிள்ளை படுக்கிற அளவுக்கு இடம் விட்டதும் நின்றார். அந்தக் காலி இடத்தில், மெத்தை விரிப்பு ஓரிடத்தில் மெதுவாகக் குழிந்தது.